மூன்றாம் பக்கத்து எண்

வன விலங்கு வழக்கு என்றால் அரசு வக்கீலம்மாவுக்கு மற்ற வழக்குகளைவிட ஒரு பிடி கூடுதலாகவே கோபம் வரும். கொலைக் கேஸில்கூட அவள் குரல் இவ்வளவு ஏறாது என்று சக வக்கீல்கள் கேலி பேசுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு சிறுத்தைகளுக்கு விஷம் வைத்த ஒருவனுக்கு வெறும் அபராதம் விதித்தார்கள். அவன் கவுன்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, பக்கத்தில் எங்கே டீ நன்றாக இருக்கும் என்று குமாஸ்தாவிடம் விசாரித்தான். அன்றைக்குப் பிடித்த கோபம் அது.

அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தண்டனை போதாது, போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிமேல் அடி விழுந்தால் அம்மியும் நகரும் அல்லவா, சட்டம் நகர்ந்தது. திருத்தம் எழுதும் குழுவில் அவளையும் உட்கார வைத்தார்கள். பிடிப்பவனுக்கும் கடத்துபவனுக்கும் குறைந்தது ஐந்து வருடம் என்ற வரி அவள் கைப்பட எழுதிக் கொடுத்தது. வாங்குபவருக்கான வரி மட்டும் பழையபடி அபராதத்தோடு நின்றது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

புதிய சட்டத்தின் கீழ் அவளிடம் வந்த முதல் பெரிய வழக்கு ஆமைக் கேஸ். பேருந்து நிலையத்தில் ஒரு பயணப் பை லேசாக அசைவதைப் பார்த்து, சுமை தூக்குபவர் ஒருவர் போலீஸைக் கூப்பிட்டார். உள்ளே நாற்பத்தொரு காட்டு ஆமைகள். ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் திணித்து, அசையாமல் இருக்க டேப் சுற்றியிருந்தார்கள். பதினேழு செத்துப்போயிருந்தன. பையோடு பிடிபட்டவனை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயருக்கு ஏற்ற உடம்பு. முள்காட்டில் நாயை வைத்துத் தேடி ஆமை பிடிப்பது அவன் பிழைப்பு. மறுக்காமல் ஒத்துக்கொண்டான்.

சான்றுப் பொருட்களைப் பார்க்கப் போனபோது வனத்துறை ரேஞ்சர் ஒரு காலுறையை வெட்டிக் காட்டினார். உள்ளே இருந்த ஆமை கழுத்தை வெளியே நீட்டியபடியே காய்ந்து கிடந்தது. வக்கீலம்மா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். சோப்புக்கட்டி அளவுகூட எடை இல்லை. இவனை விடவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தாள்.

இரண்டு வாரம் கழித்து ரேஞ்சர் குச்சியின் கைபேசியிலிருந்து எடுத்த எண்களின் பட்டியலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான்கு பக்கம். சிவப்பு மையால் கோடிட்டவை எல்லாம் ஆமை வாங்கியவர்களின் எண்களாக இருக்கலாம், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றார். மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கோப்புகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவதாக, சிவப்புக் கோட்டோடு, அவளுக்கு மனப்பாடமான எண் ஒன்று இருந்தது. அவளுடைய அண்ணனின் எண்.

அப்பா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன்தான் அவளைச் சைக்கிளில் பரீட்சைக்குக் கூட்டிப் போனவன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். போன வருடம் இரண்டாவது கடை திறந்தபோது, ஆமை வளர்த்தால் வியாபாரம் பெருகும் என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு ஒன்றை வாங்கி வந்தான்.

அந்த ஆமையை அவள் பார்த்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது, பால்கனியில் நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் அது சுவரைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அண்ணி சிரித்தாள். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. இங்க ஆமையும் வந்தாச்சு, கோர்ட்டுக்காரி நாத்தனாரும் வந்தாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எங்கே வாங்கினாய் என்று அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

ரேஞ்சர் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

"வாங்கினவங்களை எல்லாம் இழுத்தா கேஸ் ரெண்டு வருஷம் இழுக்கும், சார். இவன் ஒத்துக்கிட்டான். முதல்ல இவனுக்குத் தண்டனை வாங்கிடுவோம்" என்றாள்.

பொய்யென்று யாரும் சொல்ல முடியாத பேச்சு. ரேஞ்சருக்கும் சரியென்றே பட்டது. நான்கு பக்கங்களும் கோப்பின் அடியில் போயின, சாட்சிப் பட்டியலில் அவை ஏறவில்லை. அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, தான் செய்ததற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பெயரை மனசுக்குள்கூட உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. அவள் வாதாடியதைக் கேட்க மற்ற கோர்ட்டிலிருந்தெல்லாம் வக்கீல்கள் வந்து நின்றார்கள். காலுறையை உயர்த்திக் காட்டியபோது முன்வரிசையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நீதிபதி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குச்சியிடம் கேட்டார். அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"நான் பிடிச்சேன், ஒத்துக்கறேன். செத்ததுக்கும் நான்தான் பொறுப்பு. ஆனா ஆமைய நான் திங்கறதில்ல, வளக்கறதும் இல்ல. வேணும்னு கேட்டாங்க, பிடிச்சேன். கேட்டவங்க யாருன்னு இங்க யாருமே எங்கிட்ட கேக்கலீங்களே."

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். குச்சிக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவன் பார்வை பொதுவாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஆறு வருடம் என்று தீர்ப்பு வந்தது. வராந்தாவில் கைகொடுத்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர், இந்தத் தண்டனை போதுமா என்று கேட்டார். ஆயிரம் தடவை பதில் சொல்லிப் பழகிய கேள்வி. தலைவலி என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நேராக அண்ணன் கடைக்குத்தான் போனாள். அவன் ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடிச் சட்டகத்தை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் துடைக்கும் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான். ஒரு ஆமைதானே, தான் எதையும் கொல்லவில்லையே என்றான். பதினேழு செத்ததைச் சொன்னாள். தன்னுடையது உயிரோடுதானே இருக்கிறது என்றான். வேண்டுமானால் பூங்காக் குளத்தில் விட்டுவிடுகிறேன் என்றான். அது தரையில் வாழும் ஆமை, குளத்தில் விட்டால் மூழ்கிச் சாகும் என்றாள் அவள். இத்தனை மாதம் வளர்த்தும் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சரி பாப்பா, மாட்டினா எனக்கு எத்தனை வருஷம்?"

"வருஷமெல்லாம் இல்ல. அபராதம்தான்."

அவன் தோள்கள் தளர்ந்து இறங்குவதை அவள் பார்த்தாள். "அட, அவ்வளவுதானா?" என்று நிம்மதியாக மூச்சு விட்டான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டான். பாவம், அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த நிம்மதி அவள் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் பார்க்கலாம் என்று அவள் விட்ட வரிக்குள் அவன் சொகுசாக உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். ஆமையைப் பார்த்தும் கேட்காமல் இருந்தது, எண்ணை அடையாளம் கண்டது, ரேஞ்சரைத் திசைதிருப்பியது எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்களே, எதற்கு ஊதிக் கெடுக்கிறாய் என்று கேட்டார். அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. பட்டியலில் இருந்த ஒன்பது பேரைப் பிடித்தார்கள், அண்ணனும் ஒருவன். ஒன்பது பேரும் ஒரே காலையில் அபராதம் கட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆமையை மீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் அவளுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டான். அண்ணிதான் ஒருமுறை கூப்பிட்டு, கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்து என்ன கண்டாய் என்று அழுதாள். வக்கீலம்மாவை வன வழக்குகளிலிருந்து விலக்கி, நில ஆவணப் பிரிவில் போட்டார்கள்.

குச்சியின் இலவச வக்கீல் அந்தக் கடிதத்தை வைத்து மேல்முறையீடு செய்தார். அங்கே நீதிபதி அதை முழுவதும் வாசித்தார். வாங்கியவர்கள் லேசாகத் தப்பியது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது என்றார். ஆறு வருடத்தை ஐந்தாக்கினார். அதற்குக் கீழே இறங்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வராந்தாவில் குச்சியின் மனைவி கையில் ஒரு தாளோடு நின்றாள். துணி தேய்க்கும் கடையில் வேலை செய்பவள், மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள். வக்கீலம்மா போய்த் தான் யார் என்று சொன்னாள். அண்ணனைப் பற்றியும், எண்ணை மறைத்ததையும் விடாமல் சொன்னாள்.

"அவர் செஞ்சது தப்புதாம்மா. வேணாம் வேணாம்னு நானே எத்தனையோ தடவ சண்ட போட்டிருக்கேன்" என்றாள் மனைவி. பிறகு கேட்டாள். "ஒரு வருஷம் குறைஞ்சிடுச்சு, சரி. இப்ப நீங்க இதச் சொன்னதால அவர் இன்னும் ஒரு நாளாச்சும் முன்னாடி வருவாரா?"

"வரமாட்டார்."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

மன்னித்துவிட்டேன் என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்பது அந்த இடத்தில் அவளுக்கே புரிந்தது.

மனைவி கையிலிருந்த தாளை நீட்டினாள். சிறையில் பார்க்கப் போவதற்கான மனு. "நாலு மணிக்குள்ள அந்த மூணாவது ஜன்னல்ல குடுக்கணுமாம். எழுத்தெல்லாம் பொடிசா இருக்கு, எனக்குப் பிடிபடல. எழுதத் தெரிஞ்சவங்க நீங்க, நிரப்பிக் குடுங்க."

வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து எழுதினாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்டுக் கேட்டு எழுதினாள். மனைவி தாளை வாங்கி, மை காய ஊதி, இரண்டாக மடித்துக்கொண்டு மூன்றாவது ஜன்னல் வரிசைக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வரும்வரை வக்கீலம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். குச்சியின் மனைவி ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.