ஆறு, பத்து, பதினைந்து

சின்ன டீச்சர் மூன்று வாரமாக ஒரு விடையைக்கூட வாய்திறந்து சொல்லவில்லை. தரையில் பாட்டில் மூடிகளை முக்கோணமாக அடுக்குவாள். முதலில் ஒன்று; கீழே இரண்டு சேர்த்தால் மூன்று; அதற்கும் கீழே மூன்று சேர்த்தால் ஆறு. அடுத்தது என்ன என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் அடுக்கிப் பார்த்துத்தான் பத்துக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் பாதிக் காலை போய்விடும். போகட்டுமே, தானாகக் கண்டுபிடித்தது மறக்காது என்பது அவள் கட்சி.

ஆனால் வேலை தற்காலிகம். அதிகாரி வந்து பாடத்தைப் பார்த்துத் தலையாட்டினால்தான் நிரந்தரம். அதை நினைத்துப் பயம் வரும்போதெல்லாம் பக்கத்து வகுப்புப் பெரிய டீச்சரிடம் ஓடுவாள். கூடப் பிறக்காத அக்கா அவள். மதியச் சாப்பாடு தினமும் சேர்ந்துதான். இவளுடைய ஸ்பூன்கூட அக்காவின் பையில்தான் கிடக்கும். உன் முறைதான் சரி, மாற்றிக்கொள்ளாதே என்று அக்கா முதுகில் தட்டி அனுப்புவாள். அந்தத் தட்டலை இவள் மலைபோல் நம்பினாள்.

அதிகாரி வந்தார். தரையில் உட்கார்ந்து, தானே மூடிகளை எடுத்தார். முதலில் ஒன்று வைத்தார். பக்கத்தில் மூன்றை, முக்கோணமாக இல்லாமல், மூலைபோல் மடக்கி வைத்தார். அடுத்ததை வைக்கக் கை நீட்டும் முன்பே வகுப்பு ஒரே குரலில் பாடியது:

"ஆறு, பத்து, பதினைந்து!"

அவர் நிதானமாக, மூலையின் இரு பக்கமும் ஒவ்வொரு மூடி கூட்டி, ஐந்தில் அடுத்த மூலையை அடுக்கினார். இப்போது அடுத்தது என்ன என்று கேட்டார்.

"பத்து!"

ஒரு பிள்ளையும் மூடிகளைப் பார்க்கவில்லை. அதிகாரி நோட்டை மூடினார்.

"நல்லா மனப்பாடம் பண்ண வெச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் பின்வரிசையில் பல் விழுந்த சிறுமி ஒருத்தி மூடிகளோடு தலைநிமிர்ந்தாள். "ஏழு வருது டீச்சர். பத்து எப்படி வரும்?"

அந்தக் கூட்டத்தில் அவள் மட்டும் எப்படித் தப்பினாள்? முன்வரிசைப் பையன் கேட்காமலே ரகசியத்தை உடைத்துவிட்டான். வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பெரிய டீச்சர்தான் தினமும் விடைகளைச் சொல்லிக்கொடுத்தாராம், உங்களிடம் சொல்லக் கூடாது என்றாராம். பல் விழுந்தவள் வேனில் போகிறவள் இல்லை. மணி அடித்ததும் அப்பாவோடு நடந்து போய்விடுகிறவள்.

பக்கத்து வகுப்புக்குப் போய்க் கேட்டபோது அக்கா மறுக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அதுங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் அவர் உக்காந்திருப்பாரா? நீ தோத்துடுவேன்னு பயமா இருந்துச்சு."

"எப்போலேருந்து அந்தப் பயம்?"

பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். "முதல் நாள்லேருந்தே."

அக்கா திட்டியிருந்தால், முகத்துக்கு நேரே இது சரிப்படாது என்று சொல்லியிருந்தால் சின்ன டீச்சர் தாங்கியிருப்பாள். எதிரியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். மூன்று வாரம் தட்டிய கைக்கு அவள்மேல் ஒரு நாள்கூட நம்பிக்கை இருக்கவில்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அவள் அக்காவின் பையைத் திறந்து தன் ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். வகுப்புக்குத் திரும்பி, சிறுமியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏழுக்கு அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வகுப்பு மொத்தமும், அந்த ஒருத்தியைத் தவிர, பக்கத்து வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தது.