காதில் மாட்டிய மெஷின்

வெள்ளைத்துரைக்குக் காது மந்தம் என்பது வேலை போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில், பேப்பர் மடிக்கும் மெஷினில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். இல்லையென்றால் கையைக் காட்டுவார்கள். அதனால் தன்னிடம் ஒரு குறை இருப்பதாக அவருக்குத் தோன்றியதே கிடையாது. காலண்டர் சீசன் முடிந்த தை மாதத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டார். மடிப்பது, தைப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்கிற புது மெஷின் வருகிறதாம். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு இளவட்டங்கள் போதுமாம். "அடுத்த சீசனுக்குப் பாப்போம் துரை" என்று தோளில் தட்டி அனுப்பினார். அடுத்த சீசன் என்று ஒன்று தனக்கு வரப்போவதில்லை என்பது அந்தத் தட்டலிலேயே வெள்ளைத்துரைக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்தில், மனைவி அருணாதேவி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, விசில் வந்ததும் இறக்கச் சொல்லி, பால் வாங்கப் போனாள். திரும்பி வரும்போது தெரு முழுக்கப் பருப்பு தீய்ந்த வாடை. அவர் அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, விசிலு கேக்கலையா?"

நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார். "வரவே இல்லையே" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. சிவகாசியில் வேறொரு அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, எந்த மெஷினில் நின்றீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, "பஸ்லதான் வந்தேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார். மேனேஜர் சிரிக்கவில்லை. போன் பண்ணுகிறோம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பிரீத்திகா ஞாயிற்றுக்கிழமை பேசினால், "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். அப்பா அவசரத்தில் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளை இத்தனை வருஷமும் நினைத்திருந்தது.

லீவு போட்டு வந்து, விருதுநகரில் காது சோதிக்கிற கடைக்கு இருவரையும் அழைத்துப் போனது மகள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் காது கேட்கும் மெஷின்கள் விதவிதமாக இருந்தன. காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதுக்குள்ளேயே மறைந்துவிடுவது, செல்போனோடு சேர்ந்துகொள்வது என்று கடைக்காரப் பெண் எடுத்துக் காட்டிக்கொண்டே போனாள். வெள்ளைத்துரைக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு டி.வி. வாங்கியிருக்கிறார், மிக்ஸி வாங்கியிருக்கிறார், மகள் படிக்க லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தனக்கென்று ஒரு சாமான் வாங்க இப்போதுதானா நேரம் வந்தது என்று நினைத்தார். உழைக்கிற காலத்தில் கேட்காத காது, சும்மா இருக்கிற காலத்தில் கேட்டு என்ன ஆகப்போகிறது?

"வேண்டாம்மா" என்றார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க அப்பா. ஒத்துவரலைன்னா திருப்பிக் குடுத்துரலாம். தவணை நான் கட்டிக்கிடுதேன்" என்று மகள் அவர் காதோரம் குனிந்து சொன்னாள்.

மாட்டிய நாளில் தன் செருப்புச் சத்தத்தையே யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். தட்டு வைத்தால் இடி மாதிரி விழுந்தது. எல்லாவற்றையும்விட அருணாதேவியின் குரல்தான் அவரைத் திகைக்க வைத்தது. அவ்வளவு மெலிந்து போயிருந்தது அந்தக் குரல். தொண்டை சரியில்லையா என்று கேட்டார். எப்பவும் இப்படித்தான் என்றாள்.

அந்த வாரமே ஒரு வேலையும் தகைந்து வந்தது. அருணாதேவியின் தம்பிக்குத் தெரிந்த பால்பாண்டி, நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். காகிதக் குழாய்களை அறை அறையாகக் கொண்டுபோய் வைக்க ஒரு ஆள் வேண்டும், நாளைக்கே வரச் சொல் என்றிருந்தான். வெள்ளைத்துரை துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்.

வாசலில் காவலாள் செல்போனை வாங்கி வைத்தான். தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினான். பிறகு அவன் கண் காதுக்குப் போனது. உள்ளே ஆள் அனுப்பிப் பால்பாண்டியைக் கூப்பிட்டான்.

"இது பேட்டரியா அண்ணாச்சி?" என்றான் பால்பாண்டி.

"சார்ஜ் போடுறது தம்பி. சின்னதுதான்."

"செல்லையே உள்ள விட மாட்டாக. இதுவும் அது மாதிரிதான." காவலாளின் மேசையைக் காட்டினான். "கழட்டி இங்கன வச்சிட்டு வாங்க. பாப்போம்."

கழற்றியதும் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே ஒன்றுக்கொன்று எட்டி எட்டிச் சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள். பால்பாண்டி கையைக் காட்ட, அவர் முன்னால் நடந்தார். நல்ல வெயில். வேலை சுலபமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனார். திடீரென்று தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் பால்பாண்டி, மூச்சிரைக்க. ஒவ்வொரு அறை வாசலிலும் வேலை செய்யும் பெண்கள் வந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

வாசலுக்குத் திரும்பி மெஷினை மாட்டிக்கொண்ட பிறகுதான் பால்பாண்டி பேசினான்.

"அறையத் தாண்டிப் போறீகளேன்னு பின்னாலேருந்து எம்புட்டுக் கூப்பிட்டேன் தெரியுமா? அந்தப் பொம்பளையளும் சத்தம் போட்டுப் பாத்தாக. இங்கன ஒருத்தர் சத்தம் போட்டா எல்லாரும் ஓடணும் அண்ணாச்சி. எதுக்குன்னு கேக்க நேரம் இருக்காது."

"கண்ணு நல்லாத் தெரியும் தம்பி. அவுக ஓடுறதப் பாத்து நானும் ஓடிருவேன்."

பால்பாண்டி தரையைப் பார்த்தான். "ஒங்கள உள்ள விட்டுட்டு எனக்குச் சோறு எறங்காது" என்றான். பிறகு, "டீ சாப்பிடுதீகளா?" என்று கேட்டான்.

அவன் மேல் கோபப்பட முடியவில்லை. ஆலையின் விதிமுறை மேலும் கோபப்பட முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யார் மேலாவது கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தார். திருத்தங்கல் வருகிறவரைக்கும் யாரும் அகப்படவில்லை.

நடந்ததை வீட்டில் சொன்னார்.

"மெஷினைத் திருப்பிக் குடுத்துருவோமா?" என்றார்.

"அது இருக்கட்டும். வேற எடத்துல கெடைக்காமலா போகும்? மொதல்ல கால் மொகம் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். முதலில் மெஷின்தான் ஏதோ கரகரக்கிறது என்று நினைத்துக் காதைத் தொட்டுப் பார்த்தார். மெஷின் இல்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். கேட்காது என்ற பழக்கத்தில் அழுகிற அழுகை அது.

இன்றைக்குத்தான் அழுகிறாளா, தை மாதத்திலிருந்தே இப்படியா, அதற்கு முன்னாலும் உண்டா? பக்கத்து அறையில் உட்கார்ந்து எத்தனை நாள் பேப்பர் படித்திருப்போம் என்று நினைத்தார். எழுந்து போய் அடுக்களை வாசலில் நின்றார். அருணாதேவி சட்டென்று குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்தாள். அவர் காதைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லையே. தண்ணி குடிக்க வந்தேன்" என்றார்.

அவள் சொம்பில் மொண்டு கொடுத்தாள். தாகமே இல்லாமல் முழுவதையும் குடித்தார்.