ரிசர்வில் எரிந்த வாக்கியங்கள்

ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு கார் பெட்ரோலில் ஓடுவதில்லை. ஓட்டுகிறவர் யாரிடமாவது சொல்ல வைத்திருக்கும் வாக்கியங்களில் ஓடும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வாக்கியம். வெட்டிப்பேச்சை அது தொடாது. அதில் மைலேஜ் வராது.

தாராபுரத்திலிருந்து பழனிக்குப் புறப்பட்ட வெள்ளியங்கிரிக்கு இது தெரியாமல் இல்லை. லைசென்ஸின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். இருந்தும் விளக்கு எரிய எரியத்தான் கிளம்பினார். ‘என் வண்டியை எனக்குத் தெரியாதா?’ என்பது அவருடைய நெடுநாள் பெருமை. அந்தப் பெருமையால்தான் பதினெட்டு நாளுக்கு முன்னால் வண்டி நடுரோட்டில் நின்றது. மனைவி கோகிலவாணி பட்டுப்புடவையோடு அரை கிலோமீட்டர் தள்ளினாள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “அப்படித்தான், அப்படித்தான்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவள் பழனியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டால்தான் திரும்பி வருவாளாம்.

பதினொரு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தார். கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று. முதல் வாக்கியம் ஊர் எல்லையிலேயே எரிந்தது. ‘இனிமேல் நீ சொன்னபடிதான்’ என்பது ஒரு மேட்டில் போயிற்று. தொண்டை அடைக்கச் சொல்ல வேண்டிய ஒன்பதாவது, ஒரு லாரியை முந்துவதற்கே செலவாகிவிட்டது. ‘உன்னை மாதிரி மடையன் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டான்டா’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டு வெட்டிப்பேச்சில் சேர்த்தி, அது எரியவில்லை. பதினொன்றாவதும் தீர்ந்தபோது பெட்ரோல் பங்க் வந்துவிட்டது.

என்ஜினை நிறுத்தினார். செல்போனை அணைத்தார். மனசுக்குள்ளும் பேசக் கூடாது என்று பலகை வைத்திருந்ததால் அதையும் நிறுத்தினார்.

பம்பில் நின்ற பெண், “ஜீரோ பாத்துக்கோங்கண்ணா” என்றாள்.

“பாத்தாச்சும்மா” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

மீட்டர் ஜீரோவில் இல்லை. சற்று முன் பெட்ரோல் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போன யாரோ ஒருவரின் மூன்று வாக்கியங்கள் அதில் மிச்சம் நின்றன. டேங்க் நிரம்பியபோது அவையும் சேர்ந்து ஏறி, வெள்ளியங்கிரியின் வாய்க்கு வந்துவிட்டன.

பழனியில் கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“சொல்லுங்க.”

அவருக்குப் பயமாக இருந்தது. சொல்வதற்கு அந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“சோறு எறங்க மாட்டீங்குதுங்க. ராத்திரியில படுத்தாத் தூக்கம் வர்றதில்ல. நெஞ்சுல எடது பக்கம் கல்லு வெச்சாப்பல இருக்குதுங்க.”

சொன்ன பிறகுதான் அத்தனையும் உண்மை என்று அவருக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

அவள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். “எத்தன நாளா?”

“பதினெட்டு.” அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருடைய சொந்தம்.

அவள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்து, அதை டிக்கியில் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து, பெட்ரோல் டேங்கைத் திறந்து உள்ளே போட்டு, மூடியை இறுக்கினாள்.

“இதை வெறும் வயித்துல போடக் கூடாதுங்க. நல்லவேளை, ரொப்பிட்டு வந்தீங்க” என்றாள்.