மூன்றாவது பிரதி

இந்த ஒரு தடவை மட்டும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடு. கையெழுத்தைப் போட்டுவிட்டு நான் என் பாட்டுக்குப் போய்விடுகிறேன். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் நின்று வேதவல்லி மனதுக்குள் கெஞ்சினாள். பதினொரு முறை இல்லை என்று சொன்ன ஒன்றிடம் மறுபடியும் போய் நிற்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. திரையின் கடைசி வரி மாறவில்லை. ஒப்பீடு தோல்வி. வேறுபடும் கோப்பு ஒன்று.

பன்னிரண்டு.

செகந்திராபாத்தை ஒட்டிய பாலாநகரில் அந்தக் கம்பெனி இருந்தது மாடியில் இரண்டே அறைகளில். ரசாயன ஆலைகளில் கொதிகலத்தின் சூட்டைக் கவனித்து, அளவு மீறினால் தானே அடக்கும் பெட்டிகளைச் செய்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் கணினிச் சில்லு பழைய ரகம். அதற்கான நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை யாரும் தயாராகத் தருவதில்லை. தந்தாலும் வாங்குகிறவர்கள் ஒப்பமாட்டார்கள். மூல நிரலிலிருந்து இங்கேயே கட்டி நிறுவ வேண்டும், சரிபார்த்தவர் கையெழுத்திட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதனால் அதே சில்லுள்ள பழைய கணினி ஒன்று மூலையில் ஆறு வாரமாக முனகிக்கொண்டிருக்கிறது.

கம்பைலரைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும். பழையது புதியதைக் கட்டும். அப்படிப் பிறந்தது அதே நிரலை எடுத்துத் தன்னையே இன்னொரு முறை கட்டிக்கொள்ளும். அந்த இரண்டாவது, மூன்றாவதைக் கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் நம்பலாம். வீட்டில் மகள் அக்ஷதாவிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. அம்மா பேசியதைத்தான் வேதவல்லியும் பேசுகிறாள், எந்தப் பிரதியில் பிசகியது என்று அவள் தேடியதில்லை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடப் போவதில்லை. இங்கே பிசகுவது தசம எண்களைக் கையாளும் கோப்பு. எப்போதும் அதே கோப்பு. சூடு தசமத்தில்தான் அளக்கப்படுகிறது.

போன மாதம் முந்தைய பெட்டி ஒன்றைப் பார்க்கப் பட்டான்செரு ஆலைக்குப் போய்விட்டு, ஷிஃப்ட் முடிந்தவர்களோடு ஷேர் ஆட்டோவில் திரும்பினாள். பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்த நாகம்மா என்ற தொழிலாளி, "ஆ டப்பா மீதேனா மேடம்?" என்று கேட்டாள். அந்தப் பெட்டி உங்களுடையதா என்று. ஆமாம் என்றதும் வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து நெடி வீசும் கை. முன்பெல்லாம் ஒருத்தி கலத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாளாம். இப்போது எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். டப்பா பார்த்துக்கொள்கிறதே என்று சிரித்தாள். எரகட்டா வருவதற்குள் வேதவல்லியின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

"ஆச்சாம்மா?"

புருஷோத்தமன் டீ கிளாஸோடு உள்ளே வந்தார். கம்பெனியை நடத்துபவர். இவளைப் போலவே செகந்திராபாத்தில் பிறந்த தமிழர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இது சுலபம்.

"இல்ல சார். அதே ஃபைல்."

"மெஷின் கிழம்மா."

"மெமரி மாத்தியும் பாத்தாச்சு சார்."

"அது என்ன கல்யாணமா, பத்துப் பொருத்தமும் பாக்கறதுக்கு? ஏழு இருந்தா முடிச்சிடுவாங்க."

"எனக்கு ஒன்பது இருந்துச்சு சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவளுடைய கணவன் எட்டு மாதமாக வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நினைவு வந்தவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒப்பிடுற ஸ்டெப்பையே எடுத்துடு. ஒரு வரிதானே? அப்பறம் ஃபெயில்னே வராது."

"ஒப்பிட்டோம்னுதானே சார் கையெழுத்து கேக்கறாங்க?"

"ஹவ், ஆமாம்மா. நெஜமா இருந்தா கையெழுத்து எதுக்கும்மா?" மேசையில் படிவத்தை வைத்தார். குரல் தணிந்தது. "வெள்ளிக்கிழமை பெட்டி போகலைன்னா ஆர்டர் போச்சு. ஏழு பேர் வேலையும் போச்சு, உன்னோடதும் சேத்து. இத்தனூண்டு வித்தியாசம். ஒண்ணும் ஆகாமயும் இருக்கலாமில்ல?"

இருக்கலாம். அதுதான் அவளைத் தின்றது. ஆறு வாரம் தேடியும் அந்த வேறுபாடு என்ன செய்யும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்றுமே செய்யாமல் போகலாம். அல்லது ஒரு மதியம் நூற்று நாற்பது டிகிரியை நூற்றுப் பதினான்காகப் படிக்கலாம்.

"நீ போடலைன்னா சாயங்காலம் வேற யாரையாவது கூப்பிட்டுப் போட வெச்சிடுவேன். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பெட்டி எப்படியும் போகும்."

"தெரியும்."

"அப்பறம் கைக்கு? எதுக்கும்மா?"

ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பெட்டி போகும். ஆட்டோவில் தூங்கியவளுக்கு இப்படியொரு காலை நடந்தது தெரியப்போவதில்லை. ஜன்னலோரம் இனி இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தன் கையெழுத்து இல்லாத காகிதத்தால் உலகத்தில் எதுவும் ஒரு டிகிரிகூட மாறாது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் காலியாக, ஓசையில்லாமல் இருந்தது.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். 'இரண்டாம், மூன்றாம் பிரதிகள் ஒன்றே எனச் சரிபார்க்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வரி; அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம். வேதவல்லி வலது கையைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்துக்கு மேலே லேசாகக் கவிழ்த்து வைத்தாள், பந்தியில் இன்னொரு கரண்டி விழ வரும்போது இலைக்கு மேலே பிடிப்பது போல.

"நக்கோ சார்," என்றாள்.

வேண்டாம் என்பதற்கு அலுவலகத்தில் அவள் ஒருநாளும் பேசாத வீட்டுச் சொல். பரிமாறக் குனிந்தவர் போல, பேனாவை நீட்டியபடியே அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் உள்ளங்கைக்குக் கீழே, மின்விசிறிக் காற்றில் காகிதத்தின் ஓரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.