இருபத்திரண்டு புள்ளி நான்கு

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகம் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தும் மூன்று வருடம்தான். ஒரு திரவத்தில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷனைக்கூடக் கரும்பலகையிலேயே நடத்திவிடுவேன். அதற்கான நீளக் கண்ணாடிக் குழாயை, பியூரெட்டை, நேராக வரைவதில் எனக்கு நல்ல பெயர்.

செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த அன்று தலைமையாசிரியை சொன்னார்: "முடிச்சுட்டு வந்து, 'நான் லேப் நடத்துறேன்'னு உங்க வாயால சொல்லுங்க, சாவி தர்றேன். இல்லன்னா உடைஞ்ச பெஞ்சையெல்லாம் அங்க தூக்கிப் போட்டுடறேன். அவ்வளவு பெரிய ரூம், சும்மா கிடக்குது."

வாயால் சொல்வது எனக்கு வராது. கையாலும் வராது என்பது அவருக்குத் தெரியாது. கல்லூரியில் ஒரு பியூரெட்டுக்கு மூன்று பேர். ஒருத்தி திருகைத் திறப்பாள், ஒருத்தி குடுவையைச் சுழற்றுவாள். என் கையெழுத்து அழகு என்பதால் நான் எழுதுவேன். பட்டம் வாங்கியது அப்படித்தான்.

பயிற்சி நடத்தியவர் ஆசிரியை இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பியூரெட் வைத்திருந்தார். ஒதுங்கி நின்று எழுத வழியில்லை.

"பியூரெட்ல காரம். அதோட செறிவு பலகையில இருக்கு. பாட்டில்ல அமிலம். அது எவ்வளவுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். இருபது மில்லி எடுத்து, ரெண்டு சொட்டு நிறங்காட்டி விட்டு மூணு தடவை பண்ணுங்க. லேசா ரோஜா நிறம் வந்து நின்னா முடிஞ்சது. நான் டீக்குச் சொல்லிட்டு வர்றேன்."

என் பக்கத்து மேசையில் ரெக்கார்டு சார். பக்கத்துப் பள்ளிக்காரர். முப்பது வருடமாக மாணவர்களின் செய்முறை நோட்டுகளைத் திருத்தியதில் கிடைத்த பெயர்.

"புனல்மா, புனல்!" என்றார். "மேல அது சொட்டிக்கிட்டே இருந்தா கணக்கு எங்க போய் நிக்கும்?"

நிரப்பிவிட்டு பியூரெட்டின் வாயிலேயே மறந்துவிட்ட புனலை அகற்றினேன். முதல் தடவை திருகு அதிகம் திறந்துவிட்டது. குடுவை முழுக்க அடர்த்தியான ரோஜா நிறம். கொட்டினேன். மறுபடி பூஜ்யம் வரை நிரப்பினேன். இந்தத் தடவை ஒவ்வொரு துளியாக விட்டேன். நிறம் வந்தது, சுழற்றினால் போனது. நுனியில் தொங்கிய அரைத் துளியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து, தண்ணீர் விட்டு உள்ளே இறக்கினேன். வந்ததா என்று சந்தேகப்படும்படி ஒரு ரோஜா. அது போகவில்லை.

22.4. அடுத்ததும் 22.4. அதற்கடுத்ததும் அதேதான்.

"சார், உங்களுக்கு எவ்வளவு?"

"இருபது."

"எனக்கு இருபத்திரண்டு புள்ளி நாலு."

"அது எப்படிம்மா வரும்? இருபதுக்கு இருபது. எந்த ரெக்கார்டை வேணா திறந்து பாரு. உனக்குக் கை நடுங்குது, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இருபதுன்னு போட்டுட்டு வா, டீ ஆறிடும்."

20.0, 20.0, 20.0. அழகாக எழுதினேன்.

பயிற்சியாளர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பரவாயில்லையே. பன்னிரண்டு பேரும் பேசி வச்ச மாதிரி இருபது." தாள்களைத் தட்டி அடுக்கினார். "காலைல அமிலத்தைக் கலந்தது நான். வேணும்னே கொஞ்சம் தூக்கலா. இருபத்திரண்டு புள்ளி நாலு வரணும்."

யாரோ இருமினார்கள்.

அவர் மேசை மேசையாக நடந்தார். எல்லோரும் பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். என்னுடையது அப்படியே நின்றது. குனிந்து, கண்மட்டத்தில் பார்த்தார்.

"இது யாரோடது?"

கையைப் பாதி தூக்கினேன்.

"இருபத்திரண்டு புள்ளி நாலுல சரியா நிக்குதே. அப்புறம் ஏன் இருபது?"

"என் கைதான் தப்புன்னு நினைச்சேன்."

ரெக்கார்டு சார் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணை விடுங்க மேடம். நான்தான் போடச் சொன்னேன். எனக்கும் இருபத்திரண்டு கிட்டத்தான் வந்துச்சு. ஓட்டை பியூரெட்னு திட்டிட்டு இருபது போட்டேன்."

"எல்லாம் புதுசு சார். வந்த பெட்டி அந்த மூலையிலதான் கிடக்கு."

ரெக்கார்டு சாரே முதலில் சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "நான் தெரிஞ்ச விடையை எழுதினா, அந்தத் தண்ணியை ஊரே குடிக்கும்," என்றார். என் தாளைத் திருப்பித் தந்தார். "அழிக்க வேண்டாம். ஒரு கோடு அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

திங்கட்கிழமை போனபோது ஆய்வக வாசலில் ஏழெட்டு உடைந்த பெஞ்சுகள் காத்திருந்தன.

"என்னம்மா, உள்ள போடச் சொல்லவா?" என்றார் தலைமையாசிரியை.

"வேணாம் மேடம். நான் லேப் நடத்துறேன்."

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. மேசைகளைத் துடைக்க மூன்று நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. முதல் வரிசைப் பெண் திருகைத் தொடும் முன்பே கேட்டாள்: "மிஸ், எவ்வளவு வரணும்?"

"எனக்கும் தெரியாது. பண்ணிப் பாரு."

நம்பாமல் என்னைப் பார்த்தாள். ஆனால் உண்மை அதுதான். அமிலத்தைக் கலந்து கொண்டுவந்து கொடுத்தவர் ரெக்கார்டு சார். எத்தனை தடவை கேட்டும் அவர் சொல்லவில்லை.