கொஞ்சம் ஈரமாகும்

பெவர்லியின் கண் அந்த வீட்டின் மேல் முதலில் விழுந்தது பேருந்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து. வித்திஃபோர்ட் கிராமத்துக்கு நாளுக்கு இரண்டே பேருந்து. இரண்டையும் பல வருஷம் ஓட்டியவள் அவள்தான். ஒற்றை வண்டி போகிற அந்தக் குறுகலான கல் பாலத்தில் எதிரே டிராக்டர் வந்துவிட்டால் ஓரங்கட்டிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதெல்லாம் கீழே வென்னி ஆற்றங்கரையில் அந்தக் கல் வீட்டையும் அதன் பச்சைக் கதவையும் பார்ப்பாள். கதவைத் திறந்தால் நேரே மண்ணில் கால் வைக்கலாம். அதை நினைத்தாலே அவளுக்கு ஏக்கமாக இருக்கும். நகரத்தில் பதினான்காவது மாடியில் காலம் தள்ளியவளுக்குக் கதவைத் திறந்தால் தெரிந்ததெல்லாம் லிஃப்ட்தான். அதுவும் பாதி நாள் ஓடாது.

ஒருநாள் அந்த வீட்டு வேலியில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு வாங்கி, அடுக்குமாடி வீட்டை விற்று, சாமான்களை மகன் வீட்டுக் கார் கொட்டகையில் அடைத்து, புருஷன் டெரிக்கை இழுத்துக்கொண்டு வந்து கிராமத்து பப்பின் மாடி அறையில் வாடகைக்குக் குடியேறிவிட்டாள். ஆற்றைக் காணும் முன்பே கோவணத்தை அவிழ்த்த கதைதான். பச்சைக் கதவு வீட்டுக்காரர் இன்னும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கவில்லை.

அவர் பெயர் ஐவர் ப்ராதரோ. எண்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். மலைப்பக்கத்து ஊரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று பெவர்லி குழந்தை மாதிரி அறை அறையாக ஓடினாள். தரை முழுக்கக் கருங்கல் பலகை. அடுப்பு, செங்கல் மேடை மேல் உயரமாக உட்கார்ந்திருந்தது.

"இதென்ன பெவ், பிளக்கெல்லாம் நெஞ்சு உசரத்துல இருக்கு?" என்றான் டெரிக்.

"வயசானவர்ல? குனிய முடியாது. எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கார் பாரு."

"உத்தரத்துல எதுக்கு இவ்வளவு பெரிய கொக்கி?"

"பன்னித்தொடை தொங்கவிட இருக்கும். அந்தக் காலத்து வீடு. நீ சும்மா வா."

டெரிக் சும்மா வரவில்லை. ஐவரிடம் போய் நேராகவே கேட்டான். "ஐயா, ஆத்துத் தண்ணி உள்ள வருமா?"

ஐவர் புகைக்குழாயில் புகையிலையை நிதானமாக அமுக்கினார். "கொஞ்சம் ஈரமாகும்" என்றார்.

பப் நடத்தும் ஜோஸியிடம் கேட்டான். "ஆமா, அப்பப்போ கொஞ்சம் ஈரமாகும்" என்றாள் அவளும். தேவாலயத்துப் பாதிரியாரும் அதையே சொன்னார். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் வேறென்ன வேண்டும்? டெரிக் கடைக்குப் போய், அறையின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து ஐவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்தான். ஐவர் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றி, தம்பி" என்று சமையலறை மூலையில் வைத்தார். பெட்டியை அவர் பிரிக்கவேயில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் சொல்லில் கடைந்தெடுத்த கஞ்சர்கள். மந்தை முழுக்க நோயில் போனால் "கொஞ்சம் சங்கடம்" என்பார்கள். களஞ்சியம் கொள்ளாமல் விளைந்தால் "மோசமில்ல" என்பார்கள். மனைவியை அடக்கம் செய்த அன்று ஐவர் தேவாலயத்தில் எழுந்து நின்று, அரை நூற்றாண்டு தாம்பத்தியத்தைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "அவ பரவாயில்ல." அதைக் கேட்டு ஊரே விம்மி அழுதது. இந்தச் சூட்சுமமெல்லாம் பேருந்து ஓட்டி வந்து திரும்பிப் போனவளுக்கு எப்படித் தெரியும்?

பெவர்லிக்கோ மனதில் இருப்பதெல்லாம் வாயில் வழிகிற சுபாவம். வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். "மிஸ்டர் ப்ராதரோ, இது வீடே இல்ல, சொர்க்கம்! இப்படி ஒரு இடம் உலகத்துலயே கிடையாது!"

கிழவரின் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம் வாரக்கணக்கில் பேச்சே இல்லை. மறுபடி போய்க் கேட்டதற்கு, "இப்போதைக்கு விக்கிற நினைப்பு இல்ல" என்றுவிட்டார். மீன்பிடி சீசன் தொடங்கியதும் ஜோஸிக்கு அந்த மாடி அறை வேண்டும். அதற்கப்புறம் மகன் வீட்டுச் சோபாவில், மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"அடி அசடே, அவர்கிட்ட சொர்க்கம்னா சொன்னே?" ஜோஸி தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு முன்னாடி ரெண்டு ஜோடி வந்துச்சு. ரெண்டும் சொர்க்கம்னுதான் சொல்லுச்சு. பாவம், மனுஷன் பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டார். கையெழுத்துப் போடுறதுக்குள்ள ரெண்டும் ஓடிப்போச்சு. சொர்க்கம்னு சொல்றவங்க யாரும் குளிர்காலம் வரைக்கும் தங்க மாட்டாங்கன்னு அவருக்கு ஒரு எண்ணம்."

"ஏன் ஓடினாங்க?"

"அதான், கொஞ்சம் ஈரமாகும்னு சொன்னேனே" என்றாள் ஜோஸி.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. பப் நிறையக் கூட்டம். வாட்டிய மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தன. ஜன்னல் வழியாக ஆற்றை எட்டிப் பார்த்த ஜோஸி, கல்லாவுக்கு மேல் தொங்கிய மணியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

முள்கரண்டிகள் அப்படியே கீழே இறங்கின. யாரும் பதறவில்லை. தட்டுகள் அடுப்புக்குள் திரும்பப் போயின, ஆட்கள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டார்கள்.

"என்ன, தீயா?" பெவர்லி கத்தினாள்.

"தீ இல்லடி. ஐவர் வீடு ஈரமாகப் போகுது. வா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், பழுப்புத் தண்ணீர் தோட்டத்தைத் தாண்டி, வாசலுக்கு நாலடி தள்ளி வந்து நின்றது. உள்ளே ஊரே வேலையில் இருந்தது. பாதிரியார் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பண்ணைக்காரர்கள் சாப்பாட்டு மேசையைக் கயிறு கட்டி உத்தரத்துக் கொக்கியில் ஏற்றினார்கள். பன்னித்தொடைக் கொக்கி! ஐவர் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து கல் முட்டுக் கொடுத்தார்.

"ஐயோ, கதவை எதுக்குத் திறக்கறீங்க? மூடுங்க!" என்று பதறினாள் பெவர்லி.

"மூடினா சுவரை இடிக்கும். வழி விட்டா வந்துட்டுப் போயிடும்."

வந்தது. முன்கதவு வழியாக, அழைத்த விருந்தாளி போல, அவசரமில்லாமல் உள்ளே வந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். பனிக்கட்டிக் குளிர். டெரிக் வாங்கிக் கொடுத்த இயந்திரம் பெட்டியோடு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பின்கதவு வழியாக ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. டெரிக் வாயைப் பிளந்துகொண்டு அதை வழியனுப்பினான்.

பெவர்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த கிழவரின் முன்னால் போய் நின்றாள். "நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

"சொன்னேனேம்மா. கொஞ்சம் ஈரமாகும்னு."

"முழங்கால் தண்ணிக்குப் பேரு ஈரமா?"

"பின்ன?" ஐவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வெள்ளம்னா இந்தப் படியில பாதி வரணும். அது எங்கப்பா காலத்துல வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஏமாற்றவில்லை என்பது அவளுக்கே அப்போது உறைத்தது. மறைக்காமல்தான் சொல்லியிருக்கிறார். ஊரே சொல்லியிருக்கிறது. அவள்தான் வேறு பாஷையில் கேட்டிருக்கிறாள். ஆனால் புரிந்துவிட்டால் பயம் போய்விடுமா? படி ஏறி மாடி ஜன்னலருகில் போய் உட்கார்ந்து அழுதாள். போட்ட கணக்கெல்லாம் ஆற்றோடு போயிற்று என்று அழுதாள்.

கீழே ஜோஸி பெரிய பாத்திரத்தில் இறைச்சியைக் கொண்டுவந்துவிட்டிருந்தாள். ஊர் ஜனம் படிக்கு ஒருவராக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, பாதியில் விட்ட ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தொடர்ந்தது. யாரோ மாடிக்கே ஏறி வந்து அவள் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார்கள். அடுக்குமாடியில் ஒருதரம் குழாய் வெடித்து, விடிய விடிய டெரிக்கும் அவளும் வாளியால் இறைத்தது ஞாபகம் வந்தது. அந்தத் தளத்தில் ஆறு கதவுகள். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சேறு காய்வதற்குள் தள்ள வேண்டுமென்று ஆளுக்கொரு துடைப்பம் எடுத்தார்கள். பெவர்லியும் எடுத்தாள். தள்ளத் தள்ள அடியில் கருங்கல் பலகை புதுசாகப் பளபளத்தது. நெஞ்சுயரப் பிளக்குகள் நனையவில்லை. செங்கல் மேடையின் விளிம்போடு தண்ணீர் நின்றுபோயிருந்தது, அடுப்பு உலர்ந்தே இருந்தது. பாதிரியார் அதைப் பற்றவைத்தார். ஆற்றோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவதென்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வீட்டின் மேல் முன்னைவிட ஆசை கூடித்தான் போயிற்று. கூடவே பயமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

ஐவர் அவளைப் பார்க்காமல், துடைப்பத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, இப்ப எப்படி இருக்கு வீடு?"

எல்லாத் துடைப்பமும் நின்றது. ஜோஸி கண்ணை மூடிக்கொண்டாள். டெரிக், வாயைத் திறந்துவிடாதே என்பது போல உதட்டைக் கடித்தான். பெவர்லியின் தொண்டை வரைக்கும் வார்த்தைகள் வந்து முட்டின, வழக்கம்போல அண்டா அண்டாவாக. எல்லாவற்றையும் விழுங்கினாள். ஒரு கால் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு பொடி மீனும் விழுந்தன.

"கொஞ்சம் ஈரமா இருக்கு" என்றாள்.

பண்ணைக்காரர் ஒருவர் தும்முவது போல என்னவோ செய்தார். ஐவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி" என்று டெரிக்கைக் கூப்பிட்டார். "நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போகலாம், வண்டி எடு. உன் வீட்டுக்காரி..." செருமிக்கொண்டார். "உன் வீட்டுக்காரி பரவாயில்ல."

ஜோஸி ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பெவர்லி மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக, மிச்சச் சேற்றைத் தள்ளிக்கொண்டே பச்சைக் கதவு வரைக்கும் போனாள். கதவைத் தாண்டிக் காலை வைத்தாள். மண் கணுக்கால்வரை உள்ளே வாங்கிக்கொண்டது.