உத்தனப்பள்ளிக் கடைக்காரரின் முகம்

செத்துப்போன ஒருவரின் படத்தை வரைய வேண்டும், அவரை நான் பார்த்ததே இல்லை, அவருக்கு ஒரு போட்டோவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறியே இருக்க மாட்டேன். என்னை ஊருக்குக் கூட்டிப்போக வந்த கரியப்பன் சொல்லவில்லை. "ஒரு படம் போடணும் பெயிண்டரே, நல்ல மனுஷன் படம்" என்று மட்டும் சொல்லி, என் பெயிண்ட் டப்பாக்களைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். டப்பா போன பிறகு நான் மட்டும் அங்கே நின்று என்ன செய்வது?

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். நான் ஜெபராஜ், போர்டு எழுதுகிறவன். பல்பொடி, பீடி, சைக்கிள் கடை, டூரிங் டாக்கீஸ் தட்டி, எதுவானாலும் எழுதுவேன். மனித முகம் என்றால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பல்பொடி டப்பா என்னிடம் வந்து "என்னை மாதிரியே இல்லையே" என்று ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகிற சாலையில் உத்தனப்பள்ளி. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே திம்மராயனின் மளிகைக் கடை. அவர் இறந்து வருஷம் திரும்பப்போகிறது. வருஷ திதிக்குள் கடையில் அவர் படத்தை மாட்டி மாலை போட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்திருந்தது. கடையை இப்போது அவர் மனைவி சரசம்மா நடத்தினார்.

"ஒரு போட்டோகூடவா இல்ல?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குதுங்க" என்று சரசம்மா உள்ளே போய், பள்ளிக்கூடக் கட்டிடம் திறந்தபோது எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். ஊரே வரிசையாக நின்றது.

"இதுல எவருங்க?"

"அவரு இதுல இல்லீங்க. போட்டோ புடிக்கறவருக்கு வெயில் அடிக்குதுன்னு குடை புடிச்சிட்டு நின்னாரு. கீழ நிழல் தெரியுது பாருங்க, அது அவரு புடிச்ச குடை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "குடை நிழலுக்கு மாலை போட முடியுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

சரசம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அரிசி மூட்டையின் வாயைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "கண்ண மூடுனா கடை தெரியுது, தராசு தெரியுது, டின்னு டின்னாத் தெரியுது. அவரு முகம் மட்டும் தெரிய மாட்டேங்குது. அத்தன வருஷம் கூட இருந்துட்டு இப்படி ஆயிருச்சேன்னு பயமா இருக்குதுங்க. எனக்கு இன்னும் அழுகையே வரல. முகம் தெரியாத ஆளை நெனச்சு எப்படி அழுவறது?"

இதைக் கேட்டபின் அடுத்த பஸ்ஸில் திரும்புவது மனிதன் செய்கிற காரியமில்லை. படம் போடக் கொண்டுவந்த தகரத்தைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். படம் போட ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஊர் கடை முன்னால் கூடிவிட்டது. நான் கேட்டது ஒரே கேள்வி: முகம் எப்படி இருக்கும்? அந்தப் பதிலைத் தவிர மற்ற எல்லாம் வந்தது.

இடுப்பில் குழந்தையோடு முனிலட்சுமி முதலில் ஆரம்பித்தாள். அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் திம்மராயன் கடைத் தராசில்தான் நிறுப்பார்களாம். ஒரு தட்டில் துண்டை மடித்துப் பிள்ளையை வைப்பார். மறு தட்டில் வெல்லம். சரியானதும் அந்த வெல்லம் பிள்ளை வீட்டுக்கு. கையைக் காலை உதைக்கிற பிள்ளைக்கு முள் நிற்காது, இன்னொரு அச்சு வெல்லம் போடுவார். அதனால் தட்டில் வைக்கும் முன் தாய்மார்கள் பிள்ளையை லேசாகக் கிள்ளி விடுவார்களாம்.

"அது அவருக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம என்னங்க. எம் பொண்ணு தூங்கிட்டே இருந்தா. அவரே கிள்ளிட்டாரு" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தக் குழந்தைகூடச் சிரித்தது.

"முகம், அம்மா, முகம்."

"நல்ல முகங்க" என்றாள். நல்ல முகத்தை எந்தப் பெயிண்டில் போடுவது?

சர்ச்சில் மணியடிக்கும் கோயில் பிள்ளை சிங்கராயர் பெட்ரோமாக்ஸ் கதையைச் சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸ் பூசைக்கும் ஊரில் இருந்தது திம்மராயனுடைய அந்த ஒரே விளக்குதானாம். பிறகு பஸ் கதை. பிள்ளைத்தாய்ச்சி யாராவது பஸ்ஸுக்குத் தாமதமாக வருவது தூரத்தில் தெரிந்தால், திம்மராயன் டிரைவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அவள் இன்னும் தூரத்தில் இருந்தால் மோரில் மிளகாயைக் கொஞ்சம் கூட்டிவிடுவார். டிரைவர் காரம் தணிய இரண்டாம் டம்ளர் கேட்பதற்குள் அவள் வந்து ஏறிவிடுவாள்.

கரியப்பன் தன் கதையைத் தானே சொன்னார். இங்கே மதுவிலக்கு. ஆகவே எல்லை தாண்டி மைசூர் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருபவர்களில் அவரும் ஒருவர். வீட்டுக்குப் போகுமுன் திம்மராயன் அவரைக் கடைக்குப் பின்னால் உட்காரவைத்து, நிலக்கடலை மூட்டையை அவிழ்த்து, சொத்தைக் கடலையைப் பொறுக்கச் சொல்வாராம். "மூட்டை முடியறப்ப போதையும் முடிஞ்சிருக்கும். இந்த ஊர்ல நல்ல கடலை கெடைச்சதே என்னாலதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் மூன்று படம் போட்டேன். முதல் படம் அச்சு அசல் கரியப்பனாக வந்தது, ஏனென்றால் அவர்தான் என் மூக்குக்கு நேரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் மீசை வைக்கச் சொன்னவர்களும் வேண்டாமென்றவர்களும் சண்டை போட்டதில் பாதி மீசையோடு நின்றுபோனது. மூன்றாவதைப் பார்த்து முனிலட்சுமி, "ஐயோ, இது எங்க மச்சான். உசுரோட இருக்கறவருக்கு மாலை போட்றாதீங்க" என்றாள். ஒவ்வொரு படத்தையும் சரசம்மா வந்து பார்ப்பார், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டுவார், உள்ளே போய்விடுவார். அவர் நடை ஒவ்வொரு தடவையும் தளர்ந்துகொண்டே வந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பிரஷ்ஷைக் கீழே போட்டேன். "தினமும் இந்தக் கடைக்கு வந்திருக்கீங்க. ஒருத்தராவது அந்த மனுஷன் முகத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

 முனிலட்சுமி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

"எங்கீங்க பாத்தோம். நாம ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தா அவரு திரும்பிக்குவாரு. மேல் தட்டு டின்னுல என்னமோ தேடற மாதிரி நிப்பாரு. சொல்லி முடிக்கற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாரு. ஒருத்தர் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாததெல்லாம் அந்த முதுகுகிட்டத்தான் சொல்லியிருக்கறோம்."

"அந்த டின்னுல ஒண்ணும் கெடையாது" என்றார் கரியப்பன். "நான் ஒருநாள் எட்டிப் பாத்தேன். காலி டின்னு."

கதவோரம் நின்ற சரசம்மா, "அது ஏன் காலியாவே கெடக்குதுன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்" என்றார்.

கீழே போட்ட பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். "சரி, முதுகு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மடை திறந்தது. பிடரிக்குக் கீழே ஒரு மச்சம். மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பனியனில் வலது பக்கம் ஓட்டை. எட்டும்போது ஒரு குதிகால் மேலே எழும்பும், வேட்டி நுனி அந்தக் காலில்தான் சுற்றிக்கொள்ளும். இத்தனை பேரில் ஒருவர்கூட இன்னொருவரை மறுத்துப் பேசவில்லை. நான் கை வலிக்க வரைந்தேன், சிரித்துக்கொண்டே வரைந்தேன். என் ஆயுசில் அவ்வளவு வேகமாக எதையும் வரைந்ததில்லை.

ஈரம் காயாமலே தகரத்தை அலமாரித் தட்டின் மேல் நிறுத்தினோம். திம்மராயன் எங்களுக்கு முதுகைக் காட்டி, மேல் தட்டை எட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ "கடைக்காரண்ணா" என்று கூப்பிட்டே விட்டார்கள்.

சரசம்மா வந்து படத்தின் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஊரே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

முதலில் கரியப்பன் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு சிங்கராயர். பிறகு முனிலட்சுமி, குழந்தையின் முகத்தையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு. ஒரு நிமிஷத்தில் ஊர் மொத்தமும் கடைக்கு முதுகைக் காட்டி நின்றது. நானும்தான்.

அந்த நேரம் பார்த்து ஓசூர் பஸ் வந்தது. இத்தனை பேர் சாலையைப் பார்த்து நிற்பதைக் கண்ட டிரைவர், எல்லாரும் ஏறப்போகிறார்கள் என்று பிரேக் போட்டார். கண்டக்டர் இறங்கி ஓடிவந்து, "எல்லாருக்கும் எடம் பத்தாதுங்க" என்றார். கரியப்பன் அவர் காதில் என்னவோ சொன்னார். கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து, அவரும் திரும்பி நின்றார்.

பின்னால் சரசம்மா பேச ஆரம்பித்தார். முதலில் தமிழில் மெதுவாக, பிறகு வீட்டில் பேசுகிற தெலுங்கில் வேகமாக. புருஷனை நன்றாகவே திட்டினார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். காதில் விழுந்தது, ஆனால் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது, ஒரு வருஷத்து அழுகை. எங்களில் ஒருவரும் அசையவில்லை. பஸ்ஸும் கிளம்பவில்லை.

"பெயிண்டரே" என்று சரசம்மா கூப்பிட்டார். திரும்பினேன். கண் சிவந்து, முகமெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுங்க. அவரு முகம் வந்துருச்சு. இடது கன்னத்துல ஒரு குழி விழும், சிரிக்கறப்ப மட்டும். ஊரே உக்காந்து அத்தன சொன்னாங்க, ஒருத்தராச்சும் அதச் சொன்னாங்களா பாருங்க."

நான் அவசரமாக இன்னொரு தகரத்தை எடுத்தேன். "சொல்லுங்கம்மா, மறக்கறதுக்குள்ள போட்டுடறேன்."

அவர் என் கையிலிருந்து தகரத்தை வாங்கிச் சுவரோரம் வைத்தார்.

"வேண்டாங்க. ஊருக்கு இந்த முதுகு இருக்குது. அந்த முகம் எனக்கு இருக்கட்டும்."